இத்தாலி ஏரித் தீவில் குடும்பத்தோடு ஒரு நாள்: இசோலா பெல்லாவா, மோன்டே இசோலாவா?

வடைமாலை · ஏப்ரல் 6, இரவு 9:40

ஜூன் கடைசி வாரம் மிலானில் தங்கல். அஞ்சு பேர்: நாங்கள் இருவர், எட்டு வயசுப் பையன், மூணு வயசுப் பொண்ணு, முழங்கால் வலியோடு அம்மா. கார் கிடையாது. அவசரமே இல்லாமல் ஒரு நாள் ஏரித் தீவில் கழிக்கணும். படகு, கொஞ்சம் நடை, உட்கார்ந்து ஒரு சாப்பாடு, பிள்ளைகள் காலை நனைக்க ஒரு கரை, இவ்வளவு போதும். தேடினால் எல்லாப் பக்கமும் இசோலா பெல்லா என்றே வருகிறது. அங்கேயே போய்விடலாமா? அம்மா சுத்த சைவம், அதையும் கணக்கில் வையுங்கள்.

நீர்க்கோழி · ஏப்ரல் 6, இரவு 10:25

வேண்டாம். இசோலா பெல்லா அழகில் குறையில்லை, நீங்கள் கேட்ட நாளுக்குத்தான் ஒத்துவராது.

மஜ்ஜோரே ஏரியில் ஸ்த்ரேசா ஊருக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவே கிட்டத்தட்ட ஒரு மாளிகையும் அதன் தோட்டமும்தான். 1632இல் பொர்ரோமேயோ குடும்பம் கட்டத் தொடங்கியது. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் முதலில் அறை அறையாக மாளிகை, பிறகு கீழே இறங்கி கூழாங்கல் பதித்த குகை அறைகள், அப்புறம் பத்து அடுக்குத் தோட்டம். அடுக்கு என்றாலே படிக்கட்டுதானே. முழங்கால் வலிக்காரருக்கு இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். மூணு வயசுக்காரி வெள்ளை மயிலைக் கண்டதும் துரத்துவாள், காவலர் ஓடிவருவார். கால் நனைக்கும் கரையெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள்.

1935 ஏப்ரலில் முசோலினியும் பிரிட்டன், பிரான்ஸ் தலைவர்களும் கூடிப் பேசியது இந்த மாளிகையில்தான். வரலாற்றுப் பிரியர்கள் இரண்டு பேராகப் போனால் அருமையான இடம். குடும்பத்தோடு என்றால் இசேயோ ஏரியில் இருக்கும் மோன்டே இசோலாவுக்குப் போங்கள். நுழைவுச் சீட்டு, வரிசை, கட்டாயம் பார்த்தே ஆகவேண்டியது என்று அங்கே எதுவும் கிடையாது. உங்களுக்கு வேண்டியது அதுதான்.

பல்லவன் எக்ஸ்பிரஸ் · ஏப்ரல் 7, காலை 7:05

நீர்க்கோழி அக்கா சொன்னதற்கு ரயில் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை. ஸ்த்ரேசாவுக்கு மிலானிலிருந்து ஒரே வண்டி, ஏறக்குறைய ஒரு மணி நேரம். மோன்டே இசோலாவுக்கு வழியில் மாறணும். தெரிந்தே போங்கள்.

மிலான் சென்ட்ராலேயிலிருந்து பிரெஷா: விரைவு வண்டி முக்கால் மணிக்குள், சாதாரண ரீஜனல் ஒரு மணி பத்து நிமிஷம் போல. ரீஜனலில் விலை பாதிக்கும் கீழே, முன்பதிவும் வேண்டாம். பிரெஷாவில் எடோலோ போகும் வண்டிக்கு மாறுங்கள். ஒற்றைத் தடம், மின்கம்பி கிடையாது, டீசல் வண்டி. (ஹைட்ரஜன் வண்டி விடும் திட்டம் இந்தத் தடத்துக்குத்தான்.) இசேயோ ஊர் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி வரும், இடது ஜன்னல் பிடியுங்கள். இறங்கவேண்டியது சுல்சானோ, தீவுக்குப் படகு அங்கே கிடைக்கும். பிரெஷாவிலிருந்து முக்கால் மணி என்று வையுங்கள்.

எங்கே தப்பு நடக்கும்:

பிரெஷாவில் மாறுவதற்கு பத்து நிமிஷ இடைவெளியை நம்பாதீர்கள். ஐந்து பேர், தள்ளுவண்டி, கழிப்பறை. அரை மணியாவது விடுங்கள். அடுத்த எடோலோ வண்டிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் மேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்தணும். மறந்தால் அபராதம். போனில் வாங்கிய டிக்கெட்டில் தேதி, நேரம் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வேலைநிறுத்தம் அங்கே சாதாரணம், முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உத்தரவாத வண்டிகள் ஓடும். ஞாயிறு, விடுமுறை நாளில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஞாயிறு வேலைநிறுத்தம் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

தள்ளுவண்டி · ஏப்ரல் 7, காலை 11:30

தீவுக்குள்ளே என்ன செய்வது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் தொடங்குகிறேன்.

மோன்டே இசோலா பேருக்கேற்ற மலைதான். ஏரி மட்டம் கடலுக்கு மேல் 185 மீட்டர், உச்சியில் இருக்கும் செரியோலா மாதா கோயில் 600 மீட்டர். பரப்பு நாலரைச் சதுர கிலோமீட்டர் வரும். சுற்றுச்சாலை ஒன்பது கிலோமீட்டர். வலைப்பதிவு எல்லாவற்றிலும் 'தீவைச் சுற்றி நடங்கள்' என்று எழுதியிருக்கும். உங்கள் கூட்டத்துக்கு அது தண்டனை. ஒன்பதில் பாதிதான் தட்டை.

தட்டையான பகுதி: கார்சானோவிலிருந்து பெஸ்கியேரா மரால்யோ வரை கிழக்குக் கரை, மூன்று கிலோமீட்டர். அங்கிருந்து சென்சோலே வரை தெற்குக் கரை, இன்னும் ஒன்றரை, இரண்டு. தண்ணீரை ஒட்டியே போகும் தார்ச்சாலை, ஒரு பக்கம் ஒலிவ மரங்கள். தள்ளுவண்டி சத்தமில்லாமல் உருளும்.

ஏற்றம்: சென்சோலே தாண்டியதும் மென்சினோ, சிவியானோ பக்கம் சாலை மேலேறும். 'சும்மா அந்த வளைவு வரைக்கும்' என்று தொடங்கினால் அரை மணியில் வண்டியை ஒருத்தர் தள்ள, குழந்தையை இன்னொருத்தர் தூக்க, பாட்டி வழியில் கல்லில் உட்கார்ந்திருப்பார். சென்சோலேயில் திரும்பிவிடுங்கள்.

வடைமாலை · ஏப்ரல் 7, மதியம் 1:15

அட, இது நல்லா இருக்கே. ஆனால் மூணு வயசுக்காரியைச் சாலையில் விட்டு நடக்கலாமா? வண்டிகள்?

தள்ளுவண்டி · ஏப்ரல் 7, மதியம் 1:40

கார் கிடையாது. ஆம்புலன்ஸ், சின்னப் பஸ், சரக்கு வண்டி போல் சிலதுக்குத்தான் அனுமதி. ஆனால் ஊர்க்காரர்களிடம் ஸ்கூட்டர், மொபெட் உண்டு. இரண்டாயிரத்துக்கும் குறைவான ஜனம், எல்லாரும் அதில்தான் கடைக்கும் துறைக்கும் போவார்கள். வளைவில் சர்ரென்று வரும். 'கார் இல்லாத தீவு' என்ற வார்த்தையை நம்பிக் கையை விட்டுவிடாதீர்கள். ஏரிப் பக்கம் பல இடத்தில் கைப்பிடிச் சுவரும் இருக்காது, அந்தப் பக்கம் பெரியவர் நடக்கட்டும்.

திண்ணைவாசி · ஏப்ரல் 7, மாலை 4:00

தீவுக்கு நடந்தே போகலாமாமே? மஞ்சள் கலரில் ஒரு பாலம், தண்ணீர் மேலேயே, படத்தில் பார்த்தேன். படகுச் செலவு மிச்சம்.

நீர்க்கோழி · ஏப்ரல் 7, மாலை 4:20

பத்து வருஷம் லேட்டு, திண்ணை. அது 2016 ஜூன் 18 முதல் ஜூலை 3 வரை பதினாறே நாள் இருந்தது. கிறிஸ்டோ என்ற கலைஞர் செய்தது. 2,20,000 பிளாஸ்டிக் கனசதுரங்களைக் கோத்து, மேலே மஞ்சள் துணி விரித்து, சுல்சானோவிலிருந்து பெஸ்கியேராவுக்கும் அங்கிருந்து சான் பாவ்லோ குட்டித் தீவைச் சுற்றியும் மிதவைப் பாதை. மூன்று கிலோமீட்டர் நீளம், பதினாறு மீட்டர் அகலம். பன்னிரண்டு லட்சம் பேர் நடந்தார்கள். அவர்களைச் சமாளிக்க முடியாமல் ராத்திரியில் மூடவேண்டி வந்தது. முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது பார்க்க ஒரு ஆணிகூட இல்லை. இன்னமும் துறையில் இறங்கி 'அது எங்கே' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள்.

சான் பாவ்லோ தனியார் சொத்து, பெரெட்டா துப்பாக்கிக் குடும்பத்துடையது. படகிலிருந்து பார்க்கலாம், இறங்க முடியாது. வடக்கே கோட்டை மாதிரி தெரியும் லொரேதோ தீவும் அப்படியே.

பல்லவன் எக்ஸ்பிரஸ் · ஏப்ரல் 7, இரவு 8:50

தள்ளுவண்டி சொன்ன தட்டைப் பாதையை ரயிலோடு சேர்த்தால் ஒரு நல்ல வழி கிடைக்கிறது. தீவுக்கு இரண்டு படகு வழி: சுல்சானோ–பெஸ்கியேரா, சாலே மராசினோ–கார்சானோ. கரையில் இரண்டு ஊருக்கும் ஸ்டேஷன் உண்டு, ஒரே தடத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆகவே வந்த வழியே திரும்ப நடக்க வேண்டாம். ஒரு துறையில் இறங்கி, கரையோரமாக நடந்து, மறு துறையில் ஏறி, அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம்.

பெஸ்கியேரா படகு பகலில் இருபது நிமிஷத்துக்கு ஒன்று போல் ஓடும், அக்கரை சேர ஐந்து நிமிஷம். கார்சானோ படகுக்கு இடைவெளி கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டு, இறங்கும்போதே துறையில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படம் பிடியுங்கள். இரண்டு வழியாகப் போவதாக இருந்தால் கவுன்ட்டரில் முதலிலேயே சொல்லுங்கள். சுல்சானோவுக்கு ரிட்டர்ன் வாங்கிவிட்டு கார்சானோவில் நின்றுகொண்டு வாதாட வேண்டியதில்லை.

காரில் வருகிறவர்களுக்கும் இதே வழி: ஒரு ஊரில் நிறுத்திவிட்டு இன்னொரு ஊரிலிருந்து ரயிலில் ஐந்து பத்து நிமிஷத்தில் காரிடம் வந்துவிடலாம். கார் நிறுத்துமிடத்தில் நீலக்கோடு கட்டணம், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோடு ஊர்க்காரர் போன்றவர்களுக்கு ஒதுக்கியது. கோடையில் ஞாயிறு காலை பத்துக்கு மேல் சுல்சானோவில் எந்தக் கலரும் காலியிருக்காது.

நீர்க்கோழி · ஏப்ரல் 7, இரவு 9:30

எந்தத் திசை என்பதும் முக்கியம். காலையில் பெஸ்கியேராவில் இறங்கி சென்சோலே போய்த் திரும்புங்கள். தெற்குக் கரை, நாள் முழுக்க வெயில் விழும், அதனால் காலையிலேயே முடித்துவிடணும். மதியம் பெஸ்கியேராவில் சாப்பாடு. அப்புறம் கிழக்குக் கரையில் கார்சானோவுக்கு நடை. மலை மேற்கே இருப்பதால் மத்தியானத்துக்கு மேல் அந்தப் பாதையில் நிழல்.

ஏணிப்படி · ஏப்ரல் 8, காலை 6:45

திசை சரி, நிழல் கணக்கு சரியில்லை. உச்சி ஏரிக்கு மேல் 415 மீட்டர். கிழக்குக் கரையிலிருந்து குறுக்காக அளந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் சூரியன் இருபத்துமூன்று, இருபத்துநாலு பாகைக்குக் கீழே இறங்கினால்தான் மலை நிழல் சாலையில் விழும். ஜூன், ஜூலையில் அது மாலை ஆறு மணி தாண்டித்தான். மூணு மணிக்கு 'நிழல் எங்கே' என்று தேடினால் அங்கங்கே மரத்தடிதான் கிடைக்கும். அதே பாதை அக்டோபர் நடுவில் நாலு, நாலரைக்கே நிழலாகிக் குளிர ஆரம்பிக்கும்.

அதனால் ஜூனில்: மதியச் சாப்பாட்டை ஒன்றரைக்குத் தள்ளி, மூன்றரை நாலு வரை பெஸ்கியேராவிலேயே உட்காருங்கள். ஐஸ்கிரீம், கரை, தூக்கம் எதுவானாலும் சரி. பிறகு கிளம்புங்கள். மூன்று கிலோமீட்டர், சின்னப் பிள்ளை வேகத்தில் ஒன்றரை மணி. அக்டோபரில் போகிறவர்கள் தலைகீழாகச் செய்யுங்கள்: காலை வெயிலில் கார்சானோவிலிருந்து கிழக்குக் கரை, மதியத்துக்கு மேல் சென்சோலே வெயிலில்.

நீர்க்கோழி · ஏப்ரல் 8, காலை 9:10

கோணமானி எடுத்துக்கொண்டு சுற்றுலா போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். கணக்கு நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாப்பாட்டை ஒன்றரைக்குத் தள்ளுவதில் ஒரு ஆபத்து. சமையலறை பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டு, இரண்டரைக்குள் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக்குப் போனால் மேசை காலியாகும்போது அடுப்பு அணைந்திருக்கும். பன்னிரண்டரைக்கு மேசை சொல்லிவைத்து மெதுவாகச் சாப்பிடுங்கள். அங்கே யாரும் பில்லை நீட்டி எழுப்ப மாட்டார்கள், நீங்களே கேட்டால்தான் வரும்.

சூரிச் மாமி · ஏப்ரல் 8, மதியம் 12:20

சுவிஸ் பக்கத்தாலை வாற ஆக்களுக்கு நான் ஒண்டு சொல்லுறன். மோன்டே இசோலா உங்களுக்குத் தூரம். லோகார்னோவிலை நிண்டு பிரிஸ்ஸாகோ தீவுக்குப் போங்கோ. அதுகும் மஜ்ஜோரே ஏரிதான், தீவு முழுக்க தாவரத் தோட்டம், பிள்ளையளோடை போக வடிவான இடம். ஏப்ரலிலை இருந்து ஒக்டோபர் மட்டும் திறந்திருக்கும்.

திண்ணைவாசி · ஏப்ரல் 8, மதியம் 12:35

மாமி, தலைப்பில் 'இத்தாலி' என்று இருக்கிறதே.

சூரிச் மாமி · ஏப்ரல் 8, மதியம் 12:50

ஏரிக்குத் தெரியுமோ தம்பி எது எல்லை எண்டு? சரி, இத்தாலிதான் வேணுமெண்டா ஓர்தா ஏரியிலை சான் ஜூலியோ தீவு. கரையிலை இருந்து ஐஞ்சு நிமிசம் படகு. தீவைச் சுத்தி ஒரே ஒரு ஒழுங்கை, அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும். தேவாலயம் பாக்கலாம். 1973இலை இருந்து கன்னியாஸ்திரிமார் மடம் அங்கை இருக்குது, அதாலை அமைதியா நடக்கச் சொல்லி வழி முழுக்கப் பலகை. மூண்டு வயசுப் பிள்ளையோடை அந்தப் பலகையளைக் கடந்து போறது உங்கடை கெட்டித்தனம். ரயில் ஸ்டேசன் ஊருக்குள்ளை இல்லை, இரண்டு கிலோமீட்டருக்கு மேலை நடக்கவேணும், அம்மாவுக்குச் சரிவராது. கார் இருந்தா மட்டும் போங்கோ.

வடைமாலை · ஏப்ரல் 8, இரவு 10:00

மோன்டே இசோலா என்று முடிவு பண்ணியாச்சு. இன்னும் மூன்று கேள்வி. ஒன்று, அம்மாவுக்கு என்ன சாப்பாடு? இரண்டு, பிள்ளைகள் எங்கே தண்ணீரில் இறங்கலாம்? மூன்று, மேலே இருக்கும் கோயிலுக்குப் பஸ் போகுமா? அம்மா எந்த மதக் கோயிலானாலும் ஏறிப் பார்க்காமல் வரமாட்டார்.

ஏணிப்படி · ஏப்ரல் 9, காலை 6:30

மூன்றாவதற்கு: பெஸ்கியேராவிலிருந்து சின்னப் பஸ் மேல் ஊர்களுக்குப் போகும். கோயிலுக்குப் பக்கத்து ஊர் கூரே. அங்கிருந்து கால்நடையாக அரை மணி ஏற்றம், கல் பாதை, சக்கரம் எதுவும் உருளாது. இறக்கமும் அதே கல்தான். முழங்காலுக்கு இது வேண்டாம். பையனும் பெரியவர் ஒருவரும் மட்டும் போய்வரலாம், மற்றவர்கள் கீழே. பெஸ்கியேராவிலிருந்தே நடந்து ஏறுவதானால் ஒன்றேகால் மணி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், செருப்பு கூடாது. பஸ் ஊர்க்காரர்களுக்காக ஓடுவது, சுற்றுலாவுக்காக அல்ல. இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தை ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு ஊருக்குள்ளேயே தேவாலயங்கள் இருக்கின்றன, பெஸ்கியேராவில் துறையிலிருந்து சில நிமிஷ நடைதான். ஊர்ச் சந்துகள் மட்டும் ஏற்றமும் கல் தளமுமாக இருக்கும், கை கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

நீர்க்கோழி · ஏப்ரல் 9, காலை 10:45

சாப்பாடு. தீவு மீனுக்குப் பேர்போனது, அதனால் சைவத்துக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கணும்.

தைரியமாகச் சொல்லலாம்: தக்காளி சாஸ் பாஸ்தா, பொலேந்தா என்ற சோளமாவுக் களி, வாட்டிய காய்கறி, சாலட். பிள்ளைகளுக்கு வெண்ணெய் மட்டும் போட்ட வெள்ளைப் பாஸ்தா. அது மெனுவில் இருக்காது, கேட்டால் எந்தக் கடையிலும் செய்வார்கள்.

கேட்காமல் சொல்லக்கூடாதது: ரிசொத்தோ, அதாவது சாறு ஊற்றி வேகவைக்கும் அரிசிச் சாப்பாடு. காய்கறி ரிசொத்தோ என்று எழுதியிருந்தாலும் வேகவைத்த சாறு இறைச்சியோ மீனோ ஆக இருக்கலாம். கசொன்செல்லி என்ற கொழுக்கட்டை வடிவப் பாஸ்தாவுக்குள் பெரும்பாலும் இறைச்சி, மேலே பன்றிக்கொழுப்புத் துண்டும் தூவுவார்கள். சுத்த சைவம் என்றால் பர்மிஜானோ சீஸும் ஆகாது. அதைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில்தான் உறைய வைக்கிறார்கள். 'துருவிய சீஸ் வேண்டாம்' என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அன்போடு தூவிக்கொண்டே வருவார்கள்.

பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ இருக்கைக் கட்டணம் வரும். ஏமாற்று இல்லை, மெனுவில் எழுதியிருக்கும்.

திண்ணைவாசி · ஏப்ரல் 9, காலை 11:10

மீன் சாப்பிடுகிற பாவிகளுக்கு எதுவும் இல்லையா?

நீர்க்கோழி · ஏப்ரல் 9, காலை 11:55

உனக்காகவே ஒன்று இருக்கிறது: ஊர்க்கருவாடு. ஏரியில் கிடைக்கும் அகோனே என்ற மீன். மத்திமீன் போலவே இருப்பதால் அங்கே எல்லாரும் சார்தீன் என்றே சொல்கிறார்கள், ஆனால் கடல் மத்தி அல்ல. குடல் எடுத்துக் கழுவி, இரண்டு நாள் உப்பில் வைத்து, வளைத்த மரக்குச்சிச் சட்டங்களில் வரிசையாகக் கோத்து, கரையோரமே வெயிலிலும் காற்றிலும் முப்பது நாற்பது நாள் காயவைப்பார்கள். நம்மூர்க் கருவாடு அதோடு முடிந்துவிடும், இவர்கள் அதற்கு மேலும் போகிறார்கள். டப்பாவில் அடுக்கி, எடை வைத்து அமுக்கி, வெளியே வரும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஒலிவ எண்ணெய் ஊற்றி மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். பரிமாறும்போது சூட்டில் ஒரு புரட்டு, மேலே பூண்டும் பார்ஸ்லியும், பக்கத்தில் பொலேந்தா.

உப்பு தூக்கலாக இருக்கும், இரண்டு பேருக்கு ஒரு தட்டு போதும். ஜூனில் வெயில் நாளில் பெஸ்கியேரா பக்கம் சட்டங்கள் தொங்குவதைப் பார்க்க வாய்ப்புண்டு. படம் எடுங்கள், தொடாதீர்கள், அது யாரோ ஒருவருடைய பிழைப்பு.

தள்ளுவண்டி · ஏப்ரல் 9, மாலை 5:25

தண்ணீர் பற்றி. மணற்கரை கிடையாது, எல்லாம் கூழாங்கல். ரப்பர் செருப்பு ஐந்து பேருக்கும் வேண்டும், வெறும் காலில் மூணு வயசுக்காரி இரண்டு அடி வைத்ததும் அழுவாள்.

பயப்படவேண்டியது ஆழத்துக்கு. இசேயோ ஏரியின் ஆழமான இடம் 251 மீட்டர். கரையில் அவ்வளவு இல்லைதான், ஆனால் மலை அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிற இடங்களில் நாலைந்து அடி வைத்ததும் தரை போய்விடும். முழங்கால் அளவுக்கு மேல் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். நீந்தத் தெரிந்த எட்டு வயசுக்காரனானாலும் மிதவைச் சட்டை போடுங்கள். படகுத்துறைக்குப் பக்கத்தில் இறங்கவே கூடாது, படகு திரும்பும்போது எழும் அலையும் இழுப்பும் சின்ன உடம்பைச் சாய்த்துவிடும்.

நேரமும் பாருங்கள். காலையில் காற்று வடக்கிலிருந்து மெல்ல வரும், ஏரி தட்டாக இருக்கும். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து 'ஓரா' என்ற காற்று கிளம்பி அலை எழும்பும், தெற்கு நோக்கியிருக்கும் சென்சோலே கரையில் அதிகம். ஆகையால் குளியல் காலையில், சென்சோலே போகும் வழியில். புழுக்கமான நாளில் வடக்கே மலை மேல் மேகம் கறுத்தால் மாலையில் இடிமழை. அப்போது கார்சானோ நடையை விட்டுவிட்டு பெஸ்கியேராவிலிருந்தே படகேறிவிடுங்கள்.

பல்லவன் எக்ஸ்பிரஸ் · ஏப்ரல் 9, இரவு 9:15

எல்லாரும் சொன்னதை நேரத்தில் அடுக்கிப் பார்த்தேன். மிலானில் எட்டு மணி வாக்கில் ரீஜனல், சுல்சானோ பத்தரை, பதினொன்றுக்குள் தீவு. சென்சோலே பக்கம் குளியல், பன்னிரண்டரைக்கு மேசை. பதினொன்றுக்கு இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடந்து, குளித்து, துவட்டி, திரும்பவும் இரண்டு கிலோமீட்டர் நடந்து பன்னிரண்டரைக்கு பெஸ்கியேராவில் உட்காருவது நடக்காது. ஒன்று விரைவு வண்டி பிடித்து ஒரு மணி நேரம் முன்னால் வாருங்கள், இல்லை சென்சோலேயிலேயே சாப்பிடுங்கள்.

நீர்க்கோழி · ஏப்ரல் 9, இரவு 9:40

சென்சோலேயிலேயே. தண்ணீரை ஒட்டி மேசை போடும் உணவகம் அங்கேயும் உண்டு, இடம் குறைவு, முதல் நாளே போன் செய்யணும். அப்புறம் இரண்டரை மணிக்குத் திரும்பி நடந்தால் பெஸ்கியேராவில் ஐஸ்கிரீம் நேரம் சரியாக வரும்.

தள்ளுவண்டி · ஏப்ரல் 9, இரவு 9:55

இரண்டரை மணிக்குத் தெற்குக் கரையில், ஜூன் கடைசியில், முழங்கால் வலியோடு இரண்டு கிலோமீட்டரா? ஏணிப்படி கோணமானியோடு வருவார், ஜாக்கிரதை. சென்சோலேயிலும் படகுத்துறை உண்டு. ஏரியைச் சுற்றும் படகுகள் சில அங்கே நிற்கும். நேரம் பொருந்தினால் அம்மாவும் சின்னவளும் படகில் பெஸ்கியேரா வரட்டும், மற்றவர்கள் நடக்கட்டும். எண்ணிக்கை குறைவு, அட்டவணை பார்த்து முடிவு செய்யுங்கள். பொருந்தவில்லை என்றால் சென்சோலேயை மறந்துவிட்டு, பெஸ்கியேராவுக்குப் பக்கத்திலேயே குளித்து அங்கேயே சாப்பிடுங்கள். நாள் குறைந்துபோகாது.

வடைமாலை · ஏப்ரல் 10, காலை 8:20

கடைசியில் சொன்னதுதான் எங்களுக்குச் சரி. பெஸ்கியேரா, சாப்பாடு, சாயங்காலம் கார்சானோ வரை நடை, சாலே மராசினோவில் ரயில். சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் பையன் குஷியாவான். எடுக்கலாமா?

ஏணிப்படி · ஏப்ரல் 10, காலை 8:50

பெஸ்கியேராவில் வாடகைக்குக் கிடைக்கும், சின்னச் சைஸ் முதலில் தீர்ந்துபோகும். ஆனால் எடுத்த இடத்திலேயே திருப்பித் தரணும், கார்சானோவில் விட முடியாது. ஆகவே சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்து, கரையோரமாகப் போய்த் திரும்பி, கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சொந்த சைக்கிளைப் படகில் ஏற்றத் தனி டிக்கெட், இடமில்லை என்றால் ஏற்ற மாட்டார்கள்.

பல்லவன் எக்ஸ்பிரஸ் · ஏப்ரல் 10, இரவு 7:30

திரும்பும் வண்டிக்கு ஒன்று. அட்டவணையில் சனிக்கிழமை வேலைநாள் பக்கம் சேரும், ஞாயிறும் அரசு விடுமுறையும் தனி. ஜூன் 2 குடியரசு நாள், ஆகஸ்ட் 15, ஈஸ்டர் மறுநாள் திங்கள் எல்லாம் ஞாயிறு அட்டவணைதான், கூட்டமும் அன்றைக்குத்தான். உங்கள் ஜூன் கடைசி வாரத்தில் செவ்வாய், புதன் எடுத்தால் மேசைக்கும் சைக்கிளுக்கும் அடிதடி இருக்காது.

இந்தத் தடத்தில் அவ்வப்போது வேலை நடக்கும், அப்போது ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். பஸ் ஸ்டேஷன் வாசலுக்கு வராமல் பெரிய சாலையில் நிற்பதும் உண்டு. முதல் நாள் இரவு இந்த வண்டிகளை ஓட்டும் ட்ரெனோர்ட் நிறுவனத்தின் செயலியில் அந்தக் குறிப்பிட்ட வண்டியைத் தட்டிப் பாருங்கள், பஸ் என்றால் அதிலேயே போட்டிருக்கும். சாலே மராசினோவில் கடைசி வண்டிக்கு முந்தியதை இலக்காக வையுங்கள். அது தவறினாலும் இன்னொன்று இருக்கும்.

திண்ணைவாசி · ஏப்ரல் 10, இரவு 8:05

கருவாட்டு டப்பா வாங்கிக்கொண்டு அந்த வண்டியில் ஏறலாமா?

நீர்க்கோழி · ஏப்ரல் 10, இரவு 8:15

மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியாகப் பார்த்து வாங்கு, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் நிமிர்த்தி வை. எண்ணெய் கசிந்தால் பை முழுக்கப் போய்விடும். விமானத்தில் கைப்பையில் வைத்தால் தடுக்கலாம், எண்ணெயும் திரவக் கணக்குத்தான்.